ஏழாம் மேசையிலிருந்து மூன்றாம் மேசைக்கு

உலான்பாத்தரில் ஜனவரி.
ஆய்வுக்கூட ஜன்னல் உட்பக்கமே உறைந்துவிட்டது.
வெளியே பூஜ்யத்துக்கு முப்பத்தொரு பாகை கீழே, நிலக்கரிப் புகை.
இந்த நாட்டைவிட்டுத் தரைவழி கிளம்பும் எந்தக் கேபிளுக்கும்
இரண்டே அண்டை வீடு.
உள்ளே எங்களுக்கு எட்டு மேசைகள், எட்டு நாடுகள்,
மேசைக்கு ஒரு பழைய ரவுட்டர்.
அதன் சூட்டில் ஈரக் கையுறைகளைக் காயப் போட்டிருக்கிறோம்.

தோல்ஜின்சூரேன் ஆசிரியை இருமலுக்கு நடுவே சொன்னார்:
'இங்கே யாரும் யாரையும் சரிபார்ப்பதில்லை.
இந்த முகவரிகள் என்னிடம் என்று ஒருவன் அறிவித்தால்
பக்கத்து நாடு நம்பும், தன் பக்கத்து நாட்டுக்கும் சொல்லும்.
இரண்டு பேர் ஒரே இடத்துக்கு உரிமை கேட்டால்
நுணுக்கமாகச் சொன்னவன் பக்கம் போய்விடும்.'

பொய்க்கும் இதே விதி என்று
நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

ஐந்தாம் மேசை என்னுடையது.
கூட்டாளி துவ்ஷின் இரவெல்லாம் டாக்ஸி ஓட்டிவிட்டு
விசைப்பலகைக்குப் பக்கத்தில் கன்னம் பதித்துத் தூங்குகிறான்.
நான் தட்டினேன்.
ஐந்து அடிக்க வேண்டிய இடத்தில் மூன்று,
பதினாறு அடிக்க வேண்டிய இடத்தில் இருபத்துநாலு.

ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வரும் என்று ஏன் நினைத்தேனோ.
மூன்றாம் மேசைக்குப் போக வேண்டியதெல்லாம்
பள்ளம் கண்ட தண்ணீர்போல் என்னிடம் இறங்கியது.
எல்லாம் திறந்தே வந்தன.
போன பருவத்தில் நாங்களே எழுதிய அரட்டை நிரல்;
பூட்டு போடச் சோம்பல்பட்டு விட்டுவிட்டோம்.
கைகுலுக்காத, ரசீது கேட்காத யு.டி.பி.

வழி அனுப்புகிறவன் உறையை மட்டும் படிக்க வேண்டும்.
முதல் வாரப் பாடம்.
அந்தக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான்.

'கட்டணம் கட்டவில்லை.
திங்கள்கிழமை தெற்கே போகிறேன்,
சுரங்கத்துச் சமையற்கட்டில் வேலை.
யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும்.'

அனுப்பியது ஏழு, பெறுநர் மூன்று.
உயங்கா ஹொங்கொர்சுலுக்கு எழுதியது.
வந்து சேர்ந்த ஒரே பிரதி
என் திரையில், பச்சை எழுத்தில்.

தலையைத் தூக்கினேன்.
உயங்கா மூன்றாம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அங்கே ஹொங்கொர்சுல்
யாரோ சொன்னதற்குச் சிரித்தபடி
பென்சிலால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

டி.சி.பி.யாக இருந்தால்
பதில் வராத மௌனத்தை அளந்து மறுபடி அனுப்பும்,
இடைவெளியை இரட்டித்து மறுபடி,
இன்னும் இரட்டித்து மறுபடி.
யு.டி.பி.க்கு அந்த மானங்கெட்ட பொறுமை கிடையாது.
உயங்காவுக்கும் கிடையாது போல. மடிக்கணினியை மூடினாள்.

அறிவிப்பைத் திரும்பப் பெற்றேன்.
நாலு நிமிடம் பதினோரு நொடி.
ஆசிரியை உப்புத் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.
பதிவை அழித்தேன்.
இயந்திரத்தைப் பொறுத்தவரை நான் எதையும் படிக்கவில்லை.

எழுந்து ஏழாம் மேசைக்குப் போனேன்.
'மூன்றாம் மேசைக்குக் கொஞ்ச நேரம் எதுவுமே போகல. என் தப்பு.'
'பின்ன எங்க போச்சு?'
'என்கிட்ட.'
'படிச்சியா?'

வழித்தடம் தேடும்போது சில ரவுட்டர்கள் வாய் திறப்பதில்லை.
அவற்றின் வரியில் மூன்று நட்சத்திரக் குறி மட்டும் விழும்.
அங்கே ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டித்தான் போகிறோம்,
பேர் மட்டும் தெரியாது.
அப்படி நின்றேன்.

அவள் மறுபடி தட்டவில்லை. எழுந்துவிட்டாள்.
ஹீட்டர் ஓரமெல்லாம் கேபிள் சுருள், அந்தப் பக்கம் வழியில்லை.
ஏழிலிருந்து மூன்றுக்கு
ஐந்தாம் மேசையைக் கடந்துதான் ஆக வேண்டும்.
நான் முந்திப் போய்
துவ்ஷினின் நீட்டிய காலை மடக்கி வைத்தேன்,
என் நாற்காலியை உள்ளே தள்ளினேன்.
அவள் முகத்தைப் பார்க்காமல்
ஒதுங்கி நின்றேன்.